பஸ் வருமுன் எண்ணிய தலைகள்

சங்கரன்கோவில்
ஆனி 25

அன்பு மகள் கனகலட்சுமிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். டப்ளின் மழையில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்கள் சுகம் முழுசாகும். அம்மாவின் முட்டிவலி தேவலை. ஆனிக் காற்று கொடியில் ஒரு துணியை நிற்க விடுவதில்லை, மேற்கே மலையில் மேகம் இறங்கி, அங்கிருந்து காற்று தூக்கி வரும் சாரல் நம் தெருவை நனைக்காமல் ஈர வாசனையை மட்டும் விட்டுப் போகிறது.

நீ போனில் அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி நர்சுகளுக்காக நீ செய்கிற செயலியில், வார்டில் பதினைந்து நோயாளிகள் இருக்க, பட்டியலில் பன்னிரண்டு வரிதான் தெரிகிறது, உள்ளே தேடினால் பதினைந்து பேரும் பத்திரமாக இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் நம் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவு கிடையாது என்றாய். உன்னைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது மக்கா, காணாமல் போன அந்த மூன்று வரியும் என் நெஞ்சிலேயே நிற்கிறது. நேற்று மதியம் நாற்காலியில் கண் அசந்தபோது உன் பட்டியல் வந்தது, ஆனால் அது நான் வேலை பார்த்த கரிசல்காட்டுப் பள்ளியின் மைதானமாக இருந்தது. பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், தூரத்தில் புழுதிக்குள் டவுன் பஸ் மிதந்து வருகிறது, அதிலிருந்து இறங்கியவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள், வரிசைக்கு வந்து சேரவே இல்லை.

விழித்ததும் என் பழைய தப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. அங்கே சேர்ந்த புதிதில், மணி அடித்ததும் தலை எண்ணி, சத்துணவு சமைக்கிற வள்ளித்தாய்க்குச் சீட்டு அனுப்பிவிடுவேன். பஸ் அதற்குப் பிறகுதான் வரும். வந்தவர்களைப் பதிவேட்டில் சேர்ப்பேன், அடுப்படிக்கு மட்டும் மறுபடி சொல்ல மாட்டேன். பதிவேடு சரி, சீட்டும் எழுதிய நேரத்துக்குச் சரி, சோறுதான் பத்தவில்லை. ஒரு வாரம் வள்ளித்தாயைக் குறை சொன்னேன். கடைசியில் அவள் கரண்டியோடு வகுப்புக்கே வந்து, சார்வாள், நீங்க சொல்லுத தலைக்குத்தான் நான் உலை வைக்கேன், பெறவு வார தலையை எனக்கு யாரு சொல்லுவா, பஸ்ஸா வந்து சொல்லும் என்றாள். வகுப்பே சிரித்தது. பஸ்ஸில் வருகிற ஜெபசிங் மட்டும் சிரிக்கவில்லை, அந்த வாரம் முழுக்க அவனுக்குப் பாதி வயிறு.

உன் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் திரையில் வரைவதற்கு முன் எத்தனை வரி என்று அந்தப் பட்டியல் ஒரு தடவை கேட்டுக்கொள்ளும் என்று நீதான் சொன்னாய். எந்த நேரத்தில் கேட்கிறது என்று பார். பன்னிரண்டு பேர் வந்திருந்தபோது கேட்டுவிட்டதோ என்னவோ, மற்ற மூவர் வந்த பிறகு அதற்கு யாராவது திரும்பச் சொன்னார்களா?

தபசன்று வீட்டில் எத்தனை பேருக்குச் சமையல் என்று உன் மாலா அத்தை காலையில் போனில் கேட்டாள். அம்மா பெருமூச்சு விட்டு ஏழு என்றாள், நீ இல்லாமல். நான் போனை வாங்கி, இப்போதே முடிவு பண்ணாதே, பஸ் இன்னும் வரவில்லை என்றேன். அண்ணனுக்கு வயசாயிட்டு, எந்த பஸ்ஸுண்ணு கேளுங்க மைனி என்று அவள் அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.

கோமதியம்மன் உனக்குத் துணையிருப்பாள். நான் அனுப்பிய கோவில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு உட்கார். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், பதில் எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை போனில் ஏழா எட்டா என்று மட்டும் சொல். அதுவரை நான் எண்ணாமல் இருக்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்
உன் அப்பா
சண்முகையா