முழங்கை ஆழம்

மே 6, திங்கள்

பிளஸ் ஒன் முடிந்தது. வீட்டுக்குப் பின்னால் கோட்டை மதிலுக்கு வைத்தியம் நடக்கிறது. ஆட்கள் மதிலடியில் பள்ளம் வெட்ட, குடைக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு கூடை மண்ணையும் பார்ப்பதுதான் கலையரசி அக்காவின் வேலை. அக்கா தொல்லியல், நான் தொல்லை இயல். ஒரு பானை ஓட்டில் காம்பஸ் முனையால் பழைய கல்வெட்டு மாதிரி நாலு எழுத்து கீறினேன். ஆட்கள் டீக்குப் போனதும், அடுத்து வெட்டப்போகிற இடத்தில் கையாலேயே தோண்டிப் புதைத்தாயிற்று.

மே 7

ஓடு கிடைத்தது. எல்லாரும் கூடிவிட்டார்கள். அக்கா ஒரே தடவை திருப்பிப் பார்த்தாள். "கீறல்ல அழுக்கே இல்ல. நேத்துப் பொறந்த எழுத்து." சிரித்தார்கள். நானும்தான் – கொஞ்சம் கூடுதலாக.

மே 8

சிரிப்பு போச்சு.

அதே இடத்தில், இன்னும் ஆழத்தில், மதிலுக்கு அடியே நுழைகிற பழைய செங்கல் நீர்வழி தெரிந்திருக்கிறது. அக்கா மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒப்பந்தக்காரர் ஞானசிகாமணி அண்ணாச்சி நம்பவில்லை.

"ஓட்ட வச்சவன் செங்கல வச்சிருக்க மாட்டானா மேடம்?"

"அவன் குழி நாப்பத்திரண்டு சென்டிமீட்டரோட நின்னுட்டு. கீழ இறுகுன மண்ணு. குறிப்புல எழுதிருக்கேன்."

"அத நீங்கதான எழுதுனிய. மண்ணையும் வெட்டி அள்ளியாச்சு. வேற சாட்சி உண்டா? இதுக்காவ வேல நிக்க முடியாது. வெள்ளிக்கிழம அதிகாரி வரட்டும், காரையப் போட்டு அடைச்சிருவோம்."

சாட்சி உண்டு. இங்கே உட்கார்ந்து டைரி எழுதுகிறாள்.

மே 9

சொன்னா அப்பா? அவர் வாத்தியார். பள்ளிக்கூடமே சிரிக்கும். சொல்லலன்னா? எத்தனையோ வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தது, வெளிச்சம் பார்த்த ரெண்டாம் நாளே அதுக்குச் சமாதி. எல்லாம் நான் போட்ட ஒரு ஓட்டுக்காக – முடியாது. சொல்லத்தான் போறேன். எல்லார் முன்னாலயும்.

மே 10

சொல்லிவிட்டேன்.

"எவ்வளவு ஆழம்?" என்றார் அதிகாரி.

"முழங்கை மட்டும் சார். அதுக்குக் கீழ நகம்கூட இறங்கல."

அக்கா டேப்பை எடுத்தாள். "கைய நீட்டு, ஏட்டி." விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நாற்பத்திரண்டு. நீர்வழியின் முதல் செங்கல் எண்பதில். அதிகாரி அக்காவின் குறிப்பை வாசித்தார், என் கையைப் பார்த்தார். "அடைக்காதீங்க. முழுசாத் திறங்க."

அண்ணாச்சி, "சரியான கைகாரிதான் புள்ள" என்றார்.

வீட்டில் அப்பா எதுவும் சொல்லவில்லை.

மே 18

இன்றும்.

ஜூன் 9, ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம். ஆராதனை முடிந்து வந்ததும் அக்கா கொடுத்த வரைபட நகலை அப்பாவிடம் நீட்டினேன். மதில், மண் அடுக்குகள், நீர்வழி. அதற்கு மேலே புள்ளிக்கோட்டில் ஒரு சின்னப் பள்ளம்: 'அண்மைக்காலக் குழி. ஆழம் 42 செ.மீ. தோண்டியவர்: டார்லின்.'

அப்பா மேசையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். "கைய நீட்டு."

உள்ளங்கையை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. ஸ்கேல் முழங்கையில் ஆரம்பித்து, இரண்டு தடவையாக நகர்ந்து, விரல் நுனிக்கு வந்தது.

"நாப்பத்திரண்டு" என்றார். "சரியாத்தான் எழுதிருக்காங்க."