எந்த ஓட்டம்?

டேய்,

சூடேறிய தூசியின் வாசனை இன்று மறுபடி மூக்கில் ஏறியது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி, ஆட்கள் ஓய்வு நேரத்தில் விளையாடட்டும் என்று பழைய வீடியோ கேம் மெஷின் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண் போன் செய்தாள். "சார், படம் ஓடிட்டே இருக்குங்க." நான் வழக்கம்போல, "எந்த ஓட்டம்மா? நல்லா ஓடுதா, கீழேருந்து மேலே உருளுதா?" என்று கேட்டேன். பயந்துபோய், "உருளுதுங்க" என்றாள்.

போய்ப் பின்மூடியைக் கழற்றியதும் அந்த வாசனை. உடனே உன்மேல் கோபம் வந்தது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாதாம். உன்னோடு கடை நடத்தாதவர்கள் அப்படிச் சொல்லலாம்.

தொண்ணூறுகளில் நாம் நடத்தியது இரண்டு கேம் கடை. ஜோகுபாளையத்தில் நான், சந்தாபுராவில் நீ. ரிப்பேர் என் வேலை, பசங்களைச் சமாளிப்பது உன் வேலை என்றுதான் பேச்சு. நீ எங்கே சும்மா இருந்தாய்? படம் உருள ஆரம்பித்தால் முதலில் மெஷின் தலையில் ஓர் அறை. அதற்கும் மசியாவிட்டால் பின்னால் கையை விட்டு, படத்தை நிறுத்துகிற திருகைத் திருகுவாய். உள்ளே இருக்கிற கரண்ட் ஆளையே தூக்கி எறியும் என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! படம் நிற்கும். நீ காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வாய். மெஷின் சூடானதும் மறுபடி உருளும். கோளாறு திருகில் இல்லையடா, போர்டிலிருந்து திரைக்குப் போகிற ஒயர் லூசாகியிருக்கிறது, சோல்டர் வைக்க வேண்டும் என்றால் காதில் வாங்கவே மாட்டாய். "ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், திருகினா சரியாயிடும். சும்மா சும்னே பேஜார் பண்ணாதே குரு." தோழர்கள் எல்லாருமே உனக்குக் குருதான்.

ஒரு தசரா லீவில் போன் பூத்திலிருந்து கூப்பிட்டாய். "குரு, படம் ஓடுது!"

"சூப்பர்டா!" என்று போனை வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். சாயங்காலம் கடையைப் பூட்டிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றாய்.

"ஓடுதுன்னு சொன்னேன் இல்ல? ஏன்டா வரல?"

"ஓடுதுன்னா எதுக்குடா வரணும்?"

"படம் ஓடுதுடா! நிக்கவே மாட்டேங்குது! பசங்க மெஷினை உதைக்கிறானுங்க!"

தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் நீதான் சட்டம் போட்டாய். "இனிமே ஓடுதுன்ற பேச்சே வேணாம். நல்லா இருந்தா நிக்குதுன்னு சொல்றேன்."

சொன்னபடியே அடுத்த வாரம் கூப்பிட்டு, "குரு, நிக்குது!" என்றாய். மெஷினே நின்றுபோயிற்று என்று நினைத்துக்கொண்டேன். சோல்டரிங் அயர்னைப் பையில் போட்டு, ஓசூர் ரோட்டு நெரிசலில் பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். அங்கே படம் அசையாமல் பளிச்சென்று நிற்கிறது. "சந்தோஷமா நிக்குதுன்னு சொன்னா, நீ ஏன்டா வந்தே?" என்றாய். அன்று ஒரு தலையில் அறைய எனக்கும் கை பரபரத்தது. மெஷினின் தலை இல்லை.

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்ததும் கடைகள் போயின. நீ சந்தாபுராவிலேயே தங்கிவிட்டாய். எப்போதாவது போன் செய்து, "எப்படிடா இருக்கே?" என்பேன். "ஓடுது குரு" என்பாய். ஊரில் எல்லோரும்தான் அப்படிச் சொல்கிறார்கள். பால்காரர் சொல்கிறார், நானே சொல்கிறேன். சரி, நன்றாக இருக்கிறான் என்று போனை வைத்துவிடுவேன்.

காரியம் முடிந்த அன்று உன் பொண்டாட்டி மல்லிகா சொன்னாள். "ரொம்ப நாளாவே மூச்சு வாங்குச்சுண்ணா. படியேற முடியாது. நெஞ்சு வலிக்குதும்பாரு. ஆஸ்பத்திரின்னா கேக்க மாட்டாரு, கேஸ் மாத்திரையப் போட்டுக்குவாரு. உங்களையாவது வரச் சொல்லுங்கன்னேன். அவன்கிட்ட ஓடுதுன்னு சொல்லிட்டேன், வருவான்னாரு."

முட்டாளே! நீயே வேண்டாம் என்று தள்ளிவைத்த சொல் அல்லவா அது? "மூச்சு வாங்குது, வாடா" என்று சொல்ல உனக்கு என்ன கேடு? நெஞ்சு வலிக்குக் கேஸ் மாத்திரை. அங்கேயும் திருகைத்தான் திருகியிருக்கிறாய். அவளைச் சமாளிக்கச் சொன்னாயா, நிஜமாகவே நான் வருவேன் என்று காத்திருந்தாயா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

அந்தக் கம்பெனி மெஷினில் திருகைத் தொடவில்லை. ஒயருக்குச் சோல்டர் வைத்தேன். படம் நின்றது.

போன வாரம் மல்லிகாவுக்குப் போன் செய்தேன். "எப்படிம்மா இருக்கே?"

"ஏதோ ஓடுதுண்ணா."

போட்டது போட்டபடி கிளம்பி சந்தாபுரா பஸ்ஸைப் பிடித்தேன். போய்ப் பார்த்தால் அடுப்பில் வடை சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என்னண்ணா, திடீர்னு?"

"ஓடுதுன்னு சொன்னியே. எந்த ஓட்டம்னு பார்க்க வந்தேன்."

சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையில் போய் முடிந்தது. எண்ணெயில் கிடந்த வடையை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. கருகின வடையைத்தான் தின்றுவிட்டு வந்தேன், அதுவும் உன்னால்தான்.