பட்டாளத்துல இருந்து வந்த கை

பெப்ரவரி 6, செவ்வாய்

காலையில பனி. கண்டிக் குளம் தெரியல. மேல ஒரு வெள்ளை வானம், கீழ ஒரு வெள்ளை வானம். இருமல் கொஞ்சம் தேவல. குட்ஷெட்டுல பஸ் ஏறி பேராதனைக்கு, தங்கச்சி ஞானம்மா வீட்டுக்கு. அவ புருசன், என் மச்சான் சவரிமுத்து, போயி இன்னியோட இருபத்தாறு நாள்.

ஞாயித்துக்கிழமை முப்பத்தோராம் நாள் பூசை. தங்கச்சி மகன் அருளப்பன் கொப்பியும் பேனாவும் கையுமா உக்காந்திருந்தான். பூசையில குடுக்கிற ஞாபகப் படத்துக்குப் பின்னால அப்பாவப் பத்தி நாலு வரி அடிக்கணுமாம்.

"சொல்லுங்க மாமா, அப்பா சண்டையில எத்தன பேர சுட்டாரு?"

ஒருத்தரையும் சுடல. எகிப்து மணல்ல வெள்ளக்காரன் பட்டாளத்துக்கு மண்ணு வெட்டுனாரு. மூட்டை தூக்குனாரு. கக்கூஸ் குழி வெட்டுனாரு. சொன்னேன். பேனாவ மூடிட்டான். அத எப்பிடி மாமா அடிக்கிறது, ஃபாதர் கையால குடுக்கிற படமாச்சேன்னான்.

நான் சொன்னது, அவன் எழுதாதது:

– போர்வைய நாலு மூலையும் ஒட்டுற மாதிரி மடிப்பாரு. சாகிற வாரம் வரைக்கும்.

– ஞாயித்துக்கிழமை மூணு பொம்பளப் புள்ளைங்களையும் வரிசையா உக்கார வச்சு ரெட்டைச் சடை. பட்டாளத்து வரிசை. ஒரு முடி கோணாது.

– கேம்பஸ்ல வாச்சர் வேல. சோத்துப் பார்சல்ல வந்த முட்டைய ஒருநாளும் தின்னதில்ல. வீட்டுக்கு வரும்.

– பிரஜாவுரிமைக்கு மூணு தரம் வரிசையில நின்னாரு. பட்டாளத்துப் பேப்பரக் காட்டினா, அப்பன் பொறந்த பேப்பர் எங்கன்னு கேட்டாங்க. கோபப்படல. வர்ற வழியில பாண் ரொட்டி வாங்கிக்கிட்டு வந்தாரு.

கடைசியா அருளு எழுதினது 'வீரர்'. ஒத்தச் சொல்லு.

பெப்ரவரி 7, புதன்

வெயில். முட்டிவலி. மறுபடி பேராதனை.

ஞானம்மா பிஸ்கட் தகரத்தத் திறந்தா. உள்ள பதினோரு தாள். ஒவ்வொண்ணுலயும் பென்சிலால ஒரு இடது கை. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா கை மட்டும் காத்துல நிக்கிற மாதிரி.

இத யாருகிட்டயும் சொன்னதில்ல. இங்க எழுதுறேன்.

அப்ப நாங்க கம்பளைக்கு மேல தேயிலைத் தோட்டத்துல. எங்க மூணு பேருக்கும் எழுத்து வாசனை கிடையாது. (நான் படிச்சது அறுவது தாண்டி, கோயில் வகுப்புல.) கடுதாசி வந்தா, காலையில ஆள் கூடுற பெரட்டுக்களத்துல கணக்கப்பிள்ளை சத்தமா வாசிப்பாரு. புருசன் பொண்டாட்டி சங்கதி கேட்டு லயத்துச் சனமே சிரிக்கும். அதனால மச்சான் கப்பலேறப் போறப்ப சொல்லிட்டுப் போனாரு: மாசம் ஒரு தரம் கைய வரைஞ்சு அனுப்புறேன், அஞ்சு விரலும் இருந்தா நான் இருக்கேன்னு வச்சுக்க.

தபால் பைய கம்பளையில இருந்து தூக்கிட்டு வந்தவன் நான். கவர்ல இருக்கிற முத்திரையப் பாத்தே அவரோடதுன்னு தெரியும். மூணு கை வந்துச்சு. பிறகு நின்னுச்சு. அருளு வயித்துல. ஞானம்மாவுக்குத் தட்டுல போட்டது போட்டபடி. எட்டாம் மாசம் கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சு.

கணக்கப்பிள்ளை மேசையில ஒரு தாள் எடுத்தேன். என் கைய வச்சு நானே வரைஞ்சேன். அவரோட பழைய கவர்ல போட்டுக் குடுத்தேன். நெஞ்சோட வச்சுக்கிட்டா. அன்னிக்கு ரெண்டு தட்டு சோறு.

மொத்தம் ஏழு மாசம் கழிச்சு நெசக் கை திரும்ப வந்துச்சு. ஒவ்வொண்ணா ஏழு. பிறகு அவரே வந்தாரு. நான் வாயத் திறக்கல. நாப்பத்தேழு வருசம்.

இன்னிக்கு அருளு பதினொண்ணையும் பொரட்டிப் பாத்து ஒண்ண எடுத்தான். இதுதான் தெளிவா இருக்கு, ஃப்ரேம் போட்டு அப்பா படத்துக்குக் கீழ மாட்டலாம்னான்.

என் கை.

"போடு," ஞானம்மா சொன்னா. "நான் போறப்ப கண்ணாடியக் கழட்டிட்டு என் பொட்டில வை. நெஞ்சு மேல. அவரு கையப் பிடிச்சுக்கிட்டே போயிர்றேன்."

தேத்தண்ணி ஆறிப் போச்சு.

பெப்ரவரி 8, வியாழன்

அருளோட கண்டி டவுன், ஃப்ரேம் கடை. பஸ்ல கேட்டான், பட்டாளத்துலயும் கோடு போட்ட தாள்தான் குடுத்தாங்களா மாமான்னு. மத்த பத்துலயும் கோடு இல்லையாம். இருமினேன். நல்ல வேளை, இருமல் இருக்கு.

கடைக்கார முஸ்லிம் நானா தாளத் தூக்கிப் பாத்து, கை இல்ல இது, மம்பட்டின்னாரு. அருளுக்குப் பெருமை. நான் இடது கைய சாரத்து மடிப்புக்குள்ள சொருகிக்கிட்டேன். நாளைக்குப் போயா, பௌர்ணமி லீவு, கடை பூட்டு, சனிக்கிழமை வாங்கன்னாரு நானா.

திரும்பற வழியில கண்ணு சொக்குச்சு. மகாவலி மேல பனி. அதுக்குள்ள மச்சான் நடந்து போறாரு, தோள்ல மண்வெட்டி, பூட்ஸ்ல இருந்து மணல் கொட்டிக்கிட்டே. கூப்புட்டேன். திரும்பல. கண்டக்டர் தட்டி எழுப்பினாரு.

பெப்ரவரி 9, வெள்ளி. போயா

சொல்லியே தீர்றதுன்னு போனேன். ஞானம்மா தனியாத்தான் இருந்தா. நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள அவ ஆரம்பிச்சா.

மச்சான் திரும்பி வந்த அன்னிக்கு ஒவ்வொரு தாள்லயும் கைய வச்சுப் பாத்தாராம். ஃப்ரேமுக்குக் குடுத்த தாள்ல மட்டும் கை லொட லொடன்னு இருந்துச்சாம். இது யாரு கொண்டு வந்தான்னு கேட்டாராம். எல்லாம் அண்ணன்தானே கொண்டு வந்துச்சுன்னு இவ. தாளத் திரும்பத் தகரத்துல வச்சுட்டு, அந்த மாசம் கை வீங்கியிருந்துச்சுன்னாராம்.

சொல்லிட்டுச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

அந்த வாரந்தான் மச்சான் பட்டாளத்துக் கம்பளிக் கோட்ட எனக்குக் குடுத்தாரு. மழையில தபால் தூக்குறியே, போட்டுக்கன்னு. இருந்ததே ஒரு கோட்டு. ஏன் எனக்குன்னு அப்ப யோசிக்கல. அதுக்குப் பிறகு எத்தன வருசம் ஒரே பெஞ்சில உக்காந்து பிளேன்டீ குடிச்சோம். ஒரு வார்த்தை இல்ல.

அவரே மூடி வச்சத நான் எதுக்குத் திறக்கணும்? ஆனா பொட்டி? அவ நெஞ்சு மேல என் கையா?

சொல்லாம வந்துட்டேன். ரோடெல்லாம் வெள்ளைச் சேலை, வெள்ளைச் சட்டை, புத்தர் கும்பிட பன்சலைக்குப் போற சனம். பனியே நடந்து போற மாதிரி.

பெப்ரவரி 10, சனி

அருளு ஃப்ரேம் எடுக்கப் போயிட்டான். அவன் வர்றதுக்கு முந்திப் போனேன். ஞானம்மா நாளைச் சோத்துக்கு அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தா. சொன்னேன். முழுசா.

சுளகு நின்னுச்சு.

"அப்ப அவரும் பொய் சொன்னாரு."

"சொன்னாரு."

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டா?"

"இல்ல. தனித்தனியா."

கல்லு ஒண்ண பொறுக்கி வெளியில போட்டா. இன்னொண்ணு. பிறகு கேட்டா.

"அப்ப அந்த ஏழு மாசம் அவரு எங்க இருந்தாரு அண்ணே?"

தெரியல. காயமா, காய்ச்சலா, செறையா. நடுவுல என் தாள் இருந்ததால அவளுக்கு அது ஏழு மாசமாத் தெரியல, தபால் சொணங்குதுன்னு விட்டுட்டா. கேக்கவே இல்ல. எனக்குத் தெரியும், நானும் கேக்கல. கேட்டா மாட்டிக்குவேன். இனி கேக்க ஆளில்ல.

"நீ போ அண்ணே," ன்னா.

மூணு பஸ்ஸ விட்டுட்டு நாலாவதுல ஏறினேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு

பூசை. பின் பெஞ்சில உக்காந்தேன். ஃபாதர் படத்தக் குடுத்தாரு. பின்னால 'வீரர்'.

வீட்டுல மச்சான் படத்துக்குக் கீழ ஆணி மட்டும் இருந்துச்சு. ஃப்ரேம் இல்ல. சனம் சாப்பிட்டுச்சு. அருளு எனக்குச் சோறு வைக்கிறப்ப, கணக்கப்பிள்ளை பேப்பராமே மாமான்னான் மெதுவா. அவனுக்கும் சொல்லியாச்சு. மூஞ்சில கோபமா சிரிப்பா, தெரியல.

எல்லாரும் போன பிறகு ஞானம்மா கூப்பிட்டா. பாயில பத்துத் தாளையும் பரப்பி வச்சிருந்தா. எது எப்ப வந்துச்சு, சொல்லுன்னா.

எல்லாம் நெனப்பிருக்கு. இது பேய் மழை, பைய தலையில வச்சுக்கிட்டு வந்தேன். இது கம்பளையில வெள்ளம், ஒருநாள் பிந்திருச்சு. இது அருளுக்கு மொத பல்லு. இது ஏழு மாசத்துக்குப் பிறகு வந்த மொத கை.

அதக் கையில எடுத்தா. சுண்டு விரலச் சுத்தி கோடு நடுங்கி நடுங்கிப் போயிருக்கு. அத்தன வருசம் தகரத்துல இருந்தும் ரெண்டு பேரும் பாக்கல. அவ வெரலால அந்த நடுக்கத்து மேலயே மெதுவாப் போயிட்டு வந்தா. ரெண்டு தரம்.

"இதுதான் என் பொட்டிக்கு," ன்னா அருளப் பாத்து.

பதினோராவத மடிச்சு என் சட்டைப் பையில வச்சா.

"இத உன் பொட்டில வச்சுக்க. முந்திப் போறவங்க அவருகிட்ட கேக்கணும், ஏழு மாசம் எங்க இருந்தீங்கன்னு."

சரின்னேன்.

"நான் போனா கேட்டுருவேன். நீதான் வாயத் திறக்க மாட்ட."