ஆட்டம் நின்ற வண்டி

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா?

இந்தப் பட்டறையில் தமிழ் பேசுகிறவர்கள் நானும் மீசைக்காரனும் மட்டும்தான். எங்கள் இருவருக்கும் ஆகவே ஆகாது.

போன வாரம் ஒரு பிக்கப் வண்டி வந்தது. வேகம் எடுத்தால் சீட்டெல்லாம் உதறியது.

"சக்கரத்தைப் பாருடா" என்றான் மீசைக்காரன். அவன் சொன்னான் என்பதற்காகவே நான் பார்க்கவில்லை. அடியில் படுத்து, பின்சக்கரங்களைச் சுழற்றும் தண்டின் இணைப்பை மாற்றினேன். உதறல் நிற்காமல் வண்டி திரும்பி வந்தது. இனியும் வண்டி திரும்பி வந்தால் ஊருக்கு மூட்டை கட்டு என்று முதலாளி கத்தினார்.

மீசைக்காரன் பின்சக்கரத்தைக் கழற்றினான். உள்பக்கம் ஒரு கைப்பிடி சிமெண்ட் காய்ந்து ஒட்டி, ஒரு பக்கம் பாரமாக்கியிருந்தது.

"கண்ண எங்கடா வெச்சிருந்த?"

ஸ்பேனரை ஓங்கிவிட்டேன். பயப்படாதே, வீசவில்லை. சிமெண்டைச் சுரண்டி எடுத்ததும் வண்டி அலுங்காமல் ஓடியது.

யார் கண்டுபிடித்தது என்று முதலாளி கேட்டார். இருவரும்தான் என்று சொல்லிவிட்டான் அம்மா! இந்தப் பிச்சையை அவனிடம் யார் கேட்டது? மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டான். தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டு பனியன் அனுப்பு. போனில் உடனே "வைக்கட்டுமா" என்று கேட்காதே. பக்கத்து வீட்டுச் சண்டையையாவது சொல்.

"டேய், வேலைக்கு வரலையா?" என்று மீசைக்காரன் வாசலில் கத்துகிறான். வேறு யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்? போகிறேன்.

உன் மகன்.