கூடத்தில் கிடந்த எஞ்சின்

இன்று காலை அடுப்பில் விளக்கெண்ணெய் சிந்திவிட்டது. அந்தக் கமறல் எழுந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். வண்டிச் சத்தம் கேட்கும் என்று நினைத்தேனோ என்னவோ. நீங்கள் இல்லை என்பது என் மூக்குக்கு இன்னும் தெரியவில்லை.

யுத்த காலம் அது. எஞ்சின் எண்ணெய் திருச்சியில் எங்கும் கிடைக்காமல் நீங்கள் விளக்கெண்ணெய் ஊற்றினீர்கள். பொன்மலையில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுச் சென்ற மோட்டார் சைக்கிள். ஓடிப் பல வருஷமாகியிருந்தது. அதன் எஞ்சினைக் கழற்றி, ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில், பெருமாள் படத்துக்கு எதிரே பிரித்துப் போட்டீர்கள். ஆசாரமான வீட்டில் இப்படி ஓர் அக்கிரமம் செய்ய உங்களால்தான் முடியும்.

உங்கள் அம்மா கெடு வைத்தார். "ஆவணி அவிட்டத்துக்கு மனுஷா வருவா. அதுக்குள்ள ஓடித்துன்னா இருக்கட்டும். இல்லேன்னா பழைய இரும்புக்காரன் எடுத்துண்டு போகட்டும்."

நீங்கள் தலையை ஆட்டிவிட்டீர்கள். நான்தான் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் எண்ணத் தொடங்கினேன். ஓடினால் முதலில் என்னை ஏற்றிக்கொண்டு கொள்ளிடம் தாண்டி, திருவெள்ளறையில் என் பிறந்த வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தீர்களே.

கழற்றிய பாகங்களை வாழை இலையில் பரப்பி வைப்பீர்கள். இடப்பக்கத்து உறுப்பு இலையின் இடப்பக்கம், வலப்பக்கத்தது வலப்பக்கம். வால்வுகள் இரண்டையும் அதனதன் இடத்தில் மணல் மாதிரிப் பசை தடவி, காற்றுப் புகாதபடி தேய்த்துத் தேய்த்துப் படிய வைத்து, மறுபடி இலையிலேயே வைத்தீர்கள். பார்வைக்கு அவை இரட்டைப் பிள்ளைகள். மத்தியானமெல்லாம் அந்த உரசல் கேட்கும். தூணில் சாய்ந்தபடி அரைத்தூக்கத்தில் நான் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருப்பேன்.

எல்லாவற்றையும் வண்டியில் பூட்டி முடித்து உதைத்தீர்கள். ஒரு முனகல்கூட இல்லை. உதைக்கும் காலுக்கு எதிர்ப்பே தெரியவில்லை என்றீர்கள். பண்டிகைக்கு முதல் நாள் இரும்புக்காரருக்கும் சொல்லியனுப்பியாயிற்று. நீங்கள் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்கள்.

உங்கள் அம்மா பரிமாறிக்கொண்டே சொன்னார்: "இத்தனை வயசாகியும் இலை போடத் தெரியலையேடா. அந்த இரும்பைப் பரப்பின இலையோட நுனி வலப்பக்கம் இருந்தது. அசுபம்னு நான்தான் அப்படியே திருப்பி வெச்சேன்."

சாப்பிடுமுன் இலையைச் சுற்றித் தெளிக்க நீர் எடுத்த உங்கள் கை அந்தரத்தில் நின்றது. கத்துவீர்கள் என்று பயந்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"வால்வு ரெண்டும் இடம் மாறிப் போயிடுத்தும்மா. ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு படியாது, அதான் காத்து நிக்கலை."

"எது மாறினா என்ன, முதல்ல சாப்பிடு" என்றார் அவர்.

சாயங்காலம் மாற்றிப் பூட்டி உதைத்தீர்கள். தெருவெல்லாம் விளக்கெண்ணெய்ப் புகை. வண்டியை எடுத்துப்போக வந்த இரும்புக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார். உங்கள் அம்மா வாசலுக்கு வந்து, "அவளையும் ஏத்திக்கோ. பாலம் வரைக்கும் மெதுவா போயிட்டு வாங்கோ" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

திருவெள்ளறைக்குப் பிற்பாடு எத்தனையோ முறை போனோம். எனக்கு என்னவோ நினைவில் நிற்பது அந்த முதல் பாலம்தான். கீழே கொள்ளிடம் கரை தொட்டுப் போனது. வானமும் தண்ணீரும் ஒரே நிறம். அதுவரை தெருவில் உங்களுக்குச் சில அடி பின்னால் நடந்தே பழகியவள், அன்று ஊர் பார்க்க உங்கள் தோளைப் பிடித்திருந்தேன்.

"பயமா இருக்கா?" என்று கேட்டீர்கள்.

இல்லை என்றேன். இருந்தது. கையை எடு என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயம். நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. இன்றும் தெருவில் தனியே போகும்போது, பிடிக்கத் தோளில்லாமல், என் வலக்கை கொஞ்சம் உயர்ந்தே இருக்கிறது.