யாரு ஊட்டு வாத்து?

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

தூக்கம் வரவில்லை. பெருமையில்தான்.

போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே சுற்றிவிட்டுத் தீபாவளிக்கு வந்திருக்கும் என் வீட்டுக்காரரை இன்று விடியக்காலையில் பறவை பார்க்க ஏரிக்குக் கூட்டிப்போனேன். "வாத்தைப் பாக்கவா இந்நேரத்துல எழுப்புனே?" என்று கரை வரைக்கும் முணுமுணுப்பு. நடுத்தண்ணியில் ஒரு கூட்டம் மிதந்தது. ஏரியில் மீன் ஏலம் எடுத்தவர் பைக்கை நிறுத்தி, "ஏனுங்க, யாரு ஊட்டு வாத்துங்க இது?" என்று இவரைக் கேட்டார். மேய்க்க ஓட்டிவந்த வாத்து என்று நினைத்துவிட்டார்.

இவர் எதையும் தெரியாது என்று சொல்லாத மனுசன். "இருங்க, எங்க ஊட்டுக்காரியக் கேட்டுச் சொல்றேன்" என்றாரே! எனக்கு ஒரு சாண் உயரம் கூடிவிட்டது.

"யாரு ஊட்டு வாத்தும் இல்லீங்க. ஊசிவால் வாத்து. வடக்கே குளிருதுன்னு இங்க வந்திருக்குது" என்றேன். கழுத்தில் மாட்டியிருந்த என் பைனாகுலரை அவரிடம் கொடுத்து வாலையும் காட்டினேன்.

வீடு திரும்பும்போது இவர், "அது எப்பப் போவும்?" என்றார்.

"பங்குனி வரைக்கும் இருக்குமுங்க."

"என்னையவிட நெம்ப நாள் இருக்குது" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை கிளம்புகிறார். நாளைக்கும் ஏரிக்கு வருகிறாராம். அவரே அலாரம் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்.