ஒன்றுமில்லை என்று படித்த தாள்

கடலூர்
3.6.2024

சிற்றம்பலம் அவர்களுக்கு,

நலம்தானே? உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது?

எனக்கு ஏழாம் மாதம். மலத்தில் ரத்தம் போகிறது, வலியில் உட்கார முடியவில்லை. கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு குடலில் ஒட்டி வளர்ந்திருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. குடல் ஓட்டையானால் இரண்டு உயிருக்கும் ஆபத்தாம். 2015இல் சிதம்பரத்தில் எடுத்த ஸ்கேன் தாளைக் கேட்கிறார். "ஒன்றுமில்லை, நார்மல்" என்று நீங்கள் படித்துச் சொன்னீர்களே, அது. உங்கள் பீரோவில்தான் இருக்கும். தயவுசெய்து அனுப்புங்கள்.

திலகவதி

சிதம்பரம்
6.6.2024

திலகாவுக்கு,

பத்து வருடம் 'மாமா' என்றவளுக்கு இன்று நான் 'அவர்கள்'. அந்த மாமா இப்போது ராஜவேலுக்குப் போய்விட்டது போலிருக்கிறது. போகட்டும், முறைப்பையன் அல்லவா!

பண்ருட்டிப் பலாச்சுளை வாங்கித் தருகிறானா? என் வீட்டில் உனக்குப் பலா ஆகாது. மாதாமாதம் மூன்று நாள் கழிவறைக்குள் அழுவாய். "நடிப்பு போதும், எனக்குக் காலேஜுக்கு நேரமாகிறது" என்று கதவைத் தட்டுவேன். என்னிடம் பத்து வருடம் தங்காத கரு அவனிடம் இரண்டே வருடத்தில் தங்கிவிட்டது.

தாள் கிடைக்கவில்லை.

சிற்றம்பலம்

சிதம்பரம்
8.6.2024

திலகா,

தாள் இதனுடன் வருகிறது. முதலிலேயே கிடைத்துவிட்டது. கூரியரில் அனுப்புகிறேன், நேரில் வந்து அவன் முகத்தில் விழிக்க முடியாது.

டாக்டரம்மா படிக்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். 'குடலில் ஒட்டியிருக்கலாம், கடலூர் ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்டிடம் காட்டவும்' என்பதுதான் கடைசி வரி. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே பிழைப்பவனுக்கு அது புரியாமல் இல்லை. அந்த ஆஸ்பத்திரி லேபில்தான் அப்போது ராஜவேல் வேலை பார்த்தான். உன்னை அங்கே அனுப்ப மனம் வரவில்லை.

ஒரு வரி பதில் போடு.

சிற்றம்பலம்

கடலூர்
20.7.2024

மாமா,

தாள் மறுநாளே வந்தது. முப்பத்திரண்டாம் வாரத்தில் குடல் ஓட்டையாகிவிட்டது. எந்த இடத்தில் பார்ப்பது என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருந்ததால் தாமதமில்லை. பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. பிழைத்துக்கொண்டாள். எனக்கு மலம் போக வயிற்றில் பை மாட்டியிருக்கிறார்கள். ராஜவேல்தான் மாற்றிவிடுகிறான், முகம் சுளிக்காமல்.

உங்கள் கடிதத்தைப் படித்துக்காட்டட்டுமா என்று கேட்டான். இனி யாரும் எனக்குப் படித்துக்காட்ட வேண்டாம் என்று நானே படித்தேன்.

அவனை நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். 'மாமா' இத்தனை நாளும் உங்களிடமேதான் இருந்தது.

மேலே 'மாமா' என்று எழுதியதுதான் கடைசி.

திலகவதி